நாற்காலியிலிருந்து கேட் வரை

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் எல்லாரும் அவரை அறிந்தவர்கள். அவருடைய பொறுமையை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு நான் செய்த ஒரு தவறு உங்களுக்குத் தெரியாது. "அதெல்லாம் மலர்ல எழுதணுமா?" என்று அண்ணி கேட்டார். எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும். அண்ணனுக்குப் பொய் ஆகாது.

குறிஞ்சிப்பாடியில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பதினேழு வயது. படிப்பை விட்டுவிட்டு நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தார். ஒன்பது ஆண்டு கழித்து பெர்மனென்ட் ஆனார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். கன்வேயர் பெல்ட் பகுதியில் மணிக்கொரு முறை ரீடிங் பார்த்து லாக் ஷீட்டில் எழுதுவது அவர் வேலை. மழை கொட்டினாலும் நேரில் போய்க் கண்ணால் பார்க்காமல் ஓர் எண்ணைக்கூட எழுத மாட்டார். "தப்பு ரீடிங் எழுதறதுக்கு எழுதாமலே வுட்டுடலாம்" என்பார்.

ஐம்பத்திரண்டாம் வயதில் அவருக்குக் கால் தடுக்க ஆரம்பித்தது. நாங்கள் செருப்பைத் திட்டிக்கொண்டிருந்தோம். புதுச்சேரியில் பார்த்த டாக்டர், இது நரம்பு நோய், முதலில் கால், பிறகு கை, பிறகு மூச்சு என்று வரிசையாகச் சொன்னார். குணப்படுத்த மருந்து இல்லை. அண்ணன் கலங்கவில்லை. "கை போறதுக்கு எவ்ளோ நாள் ஆவுங்க?" என்று மட்டும் கேட்டார். ஓர் ஆண்டு இருக்கலாம் என்றார் டாக்டர்.

ஏன் கையைக் கேட்டார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அண்ணன் நன்றாக வரைவார். கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் தொங்கும் பெத்லகேம் ஊர் ஒவ்வோர் ஆண்டும் அவர் கைவேலைதான். புத்தகக் கண்காட்சியில் வாங்கிப் பல வருடமாக அலமாரியில் கிடந்த அனிமேஷன் பயிற்சிப் புத்தகத்தை அன்று வெளியே எடுத்தார்.

"ஷிஃப்ட் பஸ்ஸு ஆரன் அடிக்குது. ஒரு ஆளு நாற்காலிய வுட்டு எழுந்து கேட்டாண்ட போறான். அவ்ளோதான் படம். நான் வேலைக்குப் போனத யாரு படம் புடிச்சி வச்சிகினு இருக்கீங்க, சொல்லு?"

"போன்ல எடுத்துடலாம்ண்ணா."

"போன்ல எடுத்தா அது நீ செஞ்ச வேலை. கை இருக்கிற வரைக்கும் நான் செய்யறேன்."

வரைவதற்கு முன்னால் எக்ஸ்போஷர் ஷீட் போட வேண்டும் என்றது புத்தகம். மேலிருந்து கீழாகக் கட்டம் கட்டமாக இருக்கும் தாள் அது. ஒரு நொடிக்குப் பன்னிரண்டு கட்டம், எந்தப் படம் எத்தனை கட்டத்துக்கு நிற்கும் என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும். அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம லாக் ஷீட்டுதான்டி இது!" ஒரு படத்துக்கு இரண்டு கட்டம் என்று முடிவு செய்தார். நேரம் தெரிய வேண்டுமே, அதற்காக அவரே நாற்காலியிலிருந்து எழுந்து எங்கள் வாசல் கேட் வரை நடந்தார். நான் போனில் ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். ஏழு நொடி. எண்பத்து நான்கு கட்டம்.

வரையத் தொடங்குவதற்குள் கீழே விழுந்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்ததும், "பழைய ரீடிங் செல்லாது, மறுபடி புடி" என்றார். சுவரைப் பிடித்து, நின்று, மூச்சு வாங்கி நடந்தார். பதினாறு நொடி ஆயிற்று. அவர் முகத்தைப் பார்த்தேன். "பதினொன்னு" என்றேன்.

அதை நம்பி மூன்று வாரம் குனிந்து உட்கார்ந்து அறுபத்தாறு படம் வரைந்தார். முடித்ததும் கட்டை விரலில் பிடித்துத் தாள்களைச் சரசரவென்று புரட்டினார். காகிதத்தில் ஓர் ஆள் எழுந்து சுறுசுறுப்பாகக் கேட்டுக்குப் போனான். அண்ணன் இன்னொரு முறை புரட்டினார்.

"இவன் யாரு? நான் இல்லியே. நெசமா எத்தினி வந்துச்சி?"

"பதினாறுண்ணா."

அவர் திட்டியிருந்தால் தேவலை. "நீ எனக்கு எரக்கப்பட்டுக்கினு இருக்க. நான் கேட்டது ரீடிங்கு" என்றார். புது ஷீட் எடுத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கட்டத்தையும் தன் கையாலேயே நிரப்பினார். தொண்ணூற்றாறு படம் வரைய வேண்டும். இருபத்து மூன்றாவது படத்தில் விரலிலிருந்து பென்சில் நழுவியது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் நழுவியது. அதற்குமேல் அவர் வரையவில்லை.

பாவி நான், நல்லது செய்வதாக நினைத்து அவர் கையில் மிச்சமிருந்த மூன்று வாரத்தைத் தின்றுவிட்டேன். அந்தப் படம் முடியாமல் போனதற்கு நோய் பாதிக் காரணம், நான் பாதிக் காரணம். கடைசி மாதங்களில் அந்த ஷீட்டைக் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டச் சொன்னார். பேச்சு போன பிறகும் மேலிருந்து கீழாக அவர் கண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்திருப்பேன். ஒரு காலை வேளையில் மூச்சு நின்றது.

ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து அவரைக் குளிப்பாட்டிய நண்பர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த எங்கள் பிளாக் குடும்பங்களுக்கும், நற்கருணையோடு வீடு தேடி வந்த பங்குத்தந்தைக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், கண்ணீரோடும் கடமையோடும் கூட இருந்த அண்ணிக்கும் எங்கள் நன்றி.

கடைசியாக, அண்ணனைத் தூக்கிய நால்வருக்கு. அவருடைய நாற்காலி இருந்த இடத்தில்தான் பெட்டியை வைத்திருந்தோம். நீங்கள் தோள் கொடுத்தபோது என் கை தானாகப் போனை எடுத்தது. துக்க வீட்டில் போன் பார்க்கிறாளே என்று சிலர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. படியில் அவர் குலுங்கிவிடக் கூடாது என்று அடிமேல் அடி வைத்து நடந்தீர்கள். நாற்காலியிலிருந்து கேட் வரை இருபத்தாறு நொடி. முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டம். அண்ணனின் ஷீட்டுக்குக் கீழே எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒரு நொடிகூடக் குறைக்கவில்லை.