வழிவிட வேண்டிய எட்டுப் பேர்

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரு வாக்கியம்தான். "சார், சுலோகத்துக்கு இந்தப் பொருளைச் சொன்னவர் ஜப்பார் பாய்." சொல்லி முடிக்க இரண்டு விநாடி ஆகியிருக்காது. மூன்று வருடமாக அதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த செங்கல்பட்டு அச்சகத்தின் முதலாளியிடமிருந்து தபால் அட்டை வந்தது. "நம் கம்பாசிட்டர் ஜப்பார் வெள்ளிக்கிழமை காலமானார். நெஞ்சுவலி. உனக்கும் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்." மாமல்லபுரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் அப்போது ஐந்தாவது பாடவேளை முடிந்திருந்தது. இன்னும் இரண்டு வகுப்புகள் இருந்தன. எடுத்தேன்.

அந்த அச்சகத்துக்கு வந்துபோன உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நான் எழுபத்து மூன்றில், படிப்பை முடித்து வேறு வேலை கிடைக்காமல், அங்கே புரூஃப் பார்க்கச் சேர்ந்தேன். சமஸ்கிருதம் படித்தவள் என்பதால் சுலோகம் உள்ள பத்திரிகை, மலர் எல்லாம் என் மேசைக்கு வரும். பாய்க்கு சமஸ்கிருதம் தெரியாது. கம்பாசிட்டராக ஈய எழுத்துகளைக் கோத்துக் கோத்து நாகரி எழுத்து மட்டும் பழகியிருந்தது. எங்களிடம் நாகரி எழுத்துப் பெட்டி ஒன்றுதான். "ரெண்டு வரிக்கு மேல போனா எழுத்து பத்தாது சாமி, சின்ன சுலோகமா பார்த்துக் குடுங்க" என்று வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்புவார். அவர்களும் போய்ச் சின்னதாக ஒன்றைக் கொண்டுவருவார்கள். என்னைப் பண்டிதரம்மா என்று கூப்பிடுவார். நான் பிழையைக் கவனிக்காமல் விட்ட நாட்களில் சற்று உரக்கக் கூப்பிடுவார்.

கடற்கரைப் பக்கத்துக் கோயில் ஒன்றின் குடமுழுக்கு மலருக்காக ஒரு பழைய சுலோகம் வந்தது. பெரியோரை மதிப்பதைப் பற்றி ஒரு பக்கம் உரை வேண்டும் என்று திருப்பணிக் குழுத் தலைவர் கேட்டிருந்தார். பாதையில் எதிரே வந்தால் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று அந்தச் சுலோகம் எட்டுப் பேரைச் சொல்கிறது. வண்டியில் வருபவர், தொண்ணூறைக் கடந்தவர், நோயாளி, சுமை தூக்கி வருபவர், பெண், படிப்பை முடித்து வீடு திரும்பும் மாணவர், அரசர், மணமகன். நான் மேலே சொல்லுக்குச் சொல் பொருள் எழுதி, கீழே இந்த எண்மரும் வணங்கத்தக்கவர்கள் என்று தொடங்கி அழகாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பாய் அந்தத் தாளோடு வந்து நின்றார்.

"பண்டிதரம்மா, மேல 'வழிவிடணும்'னு எழுதிகீறே. கீழ 'வணங்கணும்'னு எழுதிகீறே. நான் எதைக் கோக்கறது?"

"ரெண்டும் ஒண்ணுதான் பாய். மரியாதைதானே?"

"ஒண்ணா? மூட்டை தூக்கினு வர்றவன நடுரோட்டுல நிறுத்தி நீ கும்புடு போட்டுப் பாரு. அவன் வாயில இன்னா வருதுன்னு கேளு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கியிருந்தார். "வண்டி சட்டுனு ஒதுங்காது. கெழவனால முடியாது. சீக்காளியால முடியாது. சொமக்கறவனால முடியாது. பொம்பளைன்னா இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு கீது. ஒதுங்க முடியாதவங்களுக்கு, முடிஞ்சவன் ஒதுங்கு. அவ்ளோதான் சொல்றாங்க."

"அப்ப ராஜா?"

"அவருக்கு எங்கம்மா ஒதுங்கத் தெரியும்? பொறந்ததுலேருந்து பழக்கமே இல்லியே."

"மாப்பிள்ளை?"

"அவனும் அன்னிக்கி ஒரு நாள் ராஜாதான். வுடு, பாவம்."

நான் எழுதியதை எடுத்து வைத்துவிட்டு, அவர் சொன்னதை வைத்து மறுபடி எழுதினேன். ராஜாவைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் மலருக்கான படங்களை வாங்கிவர நாங்கள் இருவரும் மாமல்லபுரம் போனோம். திரும்பும் பேருந்தில் ஒரு கிழவி தலையில் மீன்கூடையோடு ஏறினாள். "கூடைய பின்னால கொண்டு போ ஆயா, நாறுது" என்றார் நடத்துநர். "மீனு நாறாம மல்லியப்பூவா மணக்கும்? போறதுக்கு வழி இருந்தா போவ மாட்டனா?" என்றாள் அவள். நடுவில் நின்றவர்கள் அசையவில்லை. பாய் என் பக்கம் குனிந்து, "எட்டுல மூணு பேரு ஒரே ஆளா வந்துகீது, பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். கூடையை ஒரு கை பிடித்து இறக்கி, தன் இடத்தில் அவளை உட்கார வைத்தார். திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டே வந்தார். நான் மீன்தண்ணீர் படாமல் புடவையை ஒதுக்கிக்கொண்டேன்.

குழுத் தலைவர் புரூஃபை வீட்டில் படித்துவிட்டு நேரே அச்சகத்துக்கு வந்தார். நான் எழுத்துப் பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தேன். அங்கே ஒருவர்தான் போக முடியும். "எவ்வளவோ உபன்யாசம் கேட்டிருக்கேன்மா. ஒதுங்க முடியாதவங்களுக்கு ஒதுங்கறதுதான் மரியாதைன்னு ஒருத்தர் சொன்னதில்லை. உங்களுக்கு எப்படித் தோணிச்சு?" என்றார். அவர் ஒரு பள்ளியின் தாளாளரும்கூட. அங்கே நான் இரண்டு முறை விண்ணப்பம் போட்டுப் பதில் வராமல் இருந்தது. "எங்க ஸ்கூலுக்கு உங்களை மாதிரி ஒருத்தர் வேணும்" என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் பாய் நின்றிருந்தார். இரும்புச் சட்டத்தில் இறுக்கிய பக்கம் அவர் கையில் இருந்தது. எங்களைத் தாண்டித்தான் அச்சு இயந்திரத்துக்குப் போக வேண்டும். ஈயமும் இரும்பும் சேர்ந்த கனம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அது அந்தச் சுலோகப் பக்கம்தான். கடைசி வரியில் 'உரை' என்று போட்டு என் பெயரை அவரே கோத்திருந்தார். இன்னும் அச்சாகவில்லை, மாற்றியிருக்கலாம். தலைவர் பேசிக்கொண்டே இருந்தார். பாய் சட்டத்தை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "சார், கொஞ்சம் நகருங்க, அவர் போகட்டும்" என்றுகூட எனக்குச் சொல்ல வரவில்லை.

"யோசிச்சேன் சார்" என்றேன்.

பாய் அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசவில்லை. நான் வேலையை விட்டுப் போகிற அன்று, "அங்கயாவது தப்பில்லாம படி, பண்டிதரம்மா" என்று மட்டும் சொன்னார்.

போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். பேருந்தில் ஒரு மணி நேரம். என்ன சொல்வது என்று யோசித்து யோசித்துக் களைத்துப்போயிருந்தேன். அவர் மனைவி மலரை எடுத்துவந்து சுலோகப் பக்கத்தைக் காட்டினார். "இத நான்தான் சொன்னேன்னு ஒரு தபா சொன்னாரும்மா. கீழ அந்தப் பொண்ணு பேரு போட்டுகீதே, இன்னாத்துக்குப் பீத்திக்கிறேன்னு கேட்டேன். அதோட வுட்டுட்டாரு."

"அவர் சொன்னது நிஜம்" என்றேன்.

அவர் மலரை மூடி மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. "அவரு இருக்கச்சே நீ இத சொல்லியிருந்தா, நானும் அவர அந்தப் பேச்சு பேசியிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, டீ ஆறிவிட்டது, வேறு போடட்டுமா என்று கேட்டார்.

நான் முதலில் எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'வணங்கத்தக்கவர்கள்' என்ற சொல்லின் மேல் அவருடைய கட்டைவிரல் மை ஒட்டியிருக்கிறது. அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். உங்களில் யாரிடமாவது அந்த மலர் இருந்தால், சுலோகப் பக்கத்தின் கடைசி வரியில் என் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் திருத்தத்தை நான் அன்றே போட்டிருக்க வேண்டும்.

அன்று தலைவர் போன பிறகு பாய் பக்கத்தை இயந்திரத்தில் ஏற்றினார். மாலைக்குள் அச்சாகி முடிந்தது. ஜூன் மாதம் நான் தலைவரின் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன்.