பொருத்திக் கழற்றிப் பெட்டியில் வைத்த பிரேக் பேட்

1. சரிவில் நிற்காத வேன்

புனேயின் விஷ்ராந்த்வாடியில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்புறம் ஒரு சரிவு உண்டு. பிரேக் வேலை முடிந்த வண்டிகளை அங்கேதான் ஓட்டிப் பார்ப்போம். அந்தச் சனிக்கிழமை நான் பெடலை முழுவதுமாக மிதித்தேன், வேன் நிற்கவில்லை. வேகம் சற்றுக் குறைந்ததே தவிர, நிற்க வேண்டிய இடத்தைக் கடந்து உருண்டுகொண்டே சென்றது. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, யாரோ கொட்டிவைத்திருந்த மணல் குவியலில் முன்சக்கரத்தை ஏற்றி நிறுத்தினேன்.

என் அருகில் அமர்ந்திருந்தவர் வேனின் சொந்தக்காரர் கல்யாணி. ஔந்தில் உள்ள பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது அவருடைய தொழில். வேனை அவரே ஓட்டுகிறார். வேன் நின்றதும் கேட்டார்:

"அண்ணே, இதுதான் புது பிரேக்கா?"

அது புது பிரேக்தான். அரைமணி நேரத்திற்கு முன் என் கையால் பெட்டியைப் பிரித்துப் பொருத்தியது.

முன்சக்கரங்களின் பிரேக் பேட் தேய்ந்துவிட்டதென்று அவர் வேனைக் கொண்டுவந்து விட்டிருந்தார். நாங்கள் வழக்கமாக வாங்கும் டிஸ்ட்ரிப்யூட்டரிடம் செவ்வாய்க்கிழமைதான் சரக்கு வரும் என்றார்கள். திங்கட்கிழமை வேன் ஓடியாக வேண்டும். எங்கள் முதலாளி பாஸ்கரன் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னிலும் மிக இளையவர். உடனே அலைபேசியைத் திறந்தார்.

"மாமா, ஆன்லைன்ல நாலரை ஸ்டார் இருக்கு. நாளைக்கே வந்துரும்."

"விக்கிறது யாரு தம்பி?"

"யாரா இருந்தா என்ன? பெட்டில கம்பெனி பேர் இருக்குல்ல. சாலேல் மாமா, சாலேல்."

'பரவாயில்லை, ஓடிவிடும்' என்பதற்கு மராத்தியில் சாலேல் என்பார்கள். இந்த ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் அச்சொல் செய்துவரும் கெடுதலைத் துருகூடச் செய்ததில்லை.

அந்த நாலரை நட்சத்திரங்களைப் பின்னர் நானே படித்துப் பார்த்தேன். 'பேக்கிங் அருமை.' 'சொன்ன நாளுக்கு முன்பே வந்தது.' 'டெலிவரி பையன் மரியாதையாகப் பேசினார்.' அனைத்தும் பெட்டி வந்த அன்றே எழுதப்பட்டவை. பெடலை மிதித்துப் பார்த்தவர் அவர்களுள் ஒருவரும் இல்லை.

2. கறுப்பு வண்ணத்தின் அடியில்

வேனை மெதுவாக உள்ளே கொண்டுவந்து, சக்கரத்தைக் கழற்றி, பேடுகளை வெளியே எடுத்தேன். கருகிய வாடை அடித்தது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை உரசும் பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாகியிருந்தது. ஓரத்தை நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. தரமற்ற சரக்கு என்பதற்கு இதுவே போதுமான சான்று.

என் கோபம் அத்துடன் நிற்கவில்லை. பேடின் இரும்புத் தகட்டில் பூசியிருந்த கறுப்பு வண்ணம் சூட்டில் உரிந்திருந்தது. அதன் அடியில், பேடை அழுத்திப் பிடிக்கும் காலிபர் உரசிய பழைய தழும்புகளும், தழும்பின்மீது மெல்லிய துருவும் காணப்பட்டன. அரைமணி நேரத்தில் எந்தத் தகடும் துருப்பிடிக்காது. எங்களுக்கு முன்பே வேறொரு ஒர்க்‌ஷாப் இதே பேடுகளைப் பொருத்தியிருக்கிறது. வண்டி நிற்காததைக் கண்டிருக்கிறது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் அடித்து, பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது. விற்பவர் அதை அப்படியே எங்கள் முகவரிக்கு அனுப்பிவிட்டார்.

3. "எல்லா கேரேஜும் பண்றதுதான்"

பாஸ்கரன் விற்பவரை அழைத்துப் பேசினார். ஒருமுறை பொருத்திய பாகத்தைத் திரும்பப் பெறுவதில்லை என்று விடை வந்தது. பொருத்தாமலே பிரேக்கைச் சோதித்தறியும் வித்தை எனக்குத் தெரியாது. அந்த விதியை எழுதியவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பாஸ்கரன் அலைபேசியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"முன்னாடி கேரேஜ்காரன் நமக்குப் பண்ணத நாமளும் பண்ணுவோம். எமரி பேப்பர் அடிச்சு, பெயின்ட் விட்டு, 'சைஸ் தப்பு'ன்னு ரிட்டர்ன் போட்டுரலாம் மாமா. எல்லா கேரேஜும் பண்றதுதான்."

"அப்புறம் இது எங்க போகும்?"

"எங்கயோ போகுது. நம்ம வேன் இல்லல்ல."

மேசையருகே நின்றிருந்த கல்யாணி குரலை உயர்த்தாமல் சொன்னார்: "முன்னாடி ரிட்டர்ன் போட்டவனுக்கு என் வேனும் 'எங்கயோ'தான் தம்பி."

நான் பேடுகளை ஒவ்வொன்றாக மேசையிலிருந்த வைஸ் பிடியில் இறுக்கினேன். உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். இரண்டு அடிகூடத் தாங்காமல் உரசும் பகுதி தகட்டை விட்டுப் பெயர்ந்து வந்தது. நான்கையும் உடைத்து முடிக்கும்வரை பாஸ்கரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிட்டர்ன் போச்சு. இப்ப சந்தோஷமா மாமா?"

"சந்தோஷம் இல்லப்பா. ஆத்திரம்."

கல்யாணி அங்கேயே நின்றபடி பெற்றோர்களை ஒவ்வொருவராக அழைத்தார். திங்களும் செவ்வாயும் வேன் வராது என்று ஹிந்தியிலும் மராத்தியிலும் சொன்னார். சிலரிடம் வசையும் வாங்கிக்கொண்டார். கடைசி அழைப்பை முடித்துவிட்டு முதலாளியிடம் திரும்பினார்.

"ரெண்டு வீட்டுக்காரங்க வேற வேன் பாத்துக்கிறாங்களாம். இதுக்கு எத்தன ஸ்டார் குடுக்கலாம்னு அந்த போன்ல பாத்துச் சொல்லுப்பா."



4. கற்றுக்கொண்டது

செவ்வாய் மாலை டிஸ்ட்ரிப்யூட்டரிடமிருந்து சரக்கு வந்தது. பொருத்தி, அதே சரிவில் மிதித்தேன். மிதித்த இடத்தில் வேன் நின்றது. கல்யாணி தாமும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார். அவர் இழந்த இரண்டு வீட்டுச் சவாரிகளுக்கு எங்களிடம் ஈடு இல்லை.

ஆன்லைனில் பாகம் வாங்குவதே தவறென்று நான் கூறவில்லை. வைப்பரும் ஏர் ஃபில்டரும் நானே அவ்வாறு வாங்குகிறேன். ஆயினும் பிரேக், ஸ்டீயரிங் பாகங்களை வாங்கும்போது, விற்பவரின் பெயர் தயாரிப்பாளரின் தளத்தில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். பாக எண்ணை உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள். பெட்டியைப் புகழும் விமர்சனங்களைத் தள்ளிவிட்டு, சில மாதங்கள் ஓட்டிய பின் எழுதியவற்றை மட்டும் படியுங்கள். வந்த பாகத்தைப் பொருத்துவதற்கு முன் அதன் வண்ணத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

இவை வாங்குவோருக்கு. என் தொழிலில் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. கெட்டதென்று அறிந்த பிரேக்கைப் பெட்டியில் வைத்து ஒட்டும் கை, அதைத் தயாரித்த கையினும் இழிந்தது. வண்டி நிற்காது என்பது தயாரித்தவனுக்கு ஒருவேளை தெரியாமல் இருந்திருக்கலாம். நீங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டீர்கள்.