இறக்கத்தில் வந்த சத்தம்

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாவது வரைதான் படித்தேன், மறதியும் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை என் மகனைச் சத்தியவேடு பக்கத்துக் கம்பெனிக்கு ஏற்றிப்போக வந்த பஸ், தெருமுனை இறக்கத்தில் புஸ்ஸென்று சீறியது. அவனை ஏற்றிவிட்டு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் நைனா ஒரு முதலாளியின் பழைய டீசல் பிக்கப் ஓட்டினார். ஒருநாள் வெதுருகுப்பத்தில் வேர்க்கடலை பிடுங்கிவிட்டுத் திரும்பிய கூலிப் பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். அவர்களில் என் அம்மாவும் இருந்தாள். நான் முன்னால், நைனா பக்கத்தில். வண்டி முழுக்க டீசலும் பச்சைக் கடலையும் கலந்த வாசனை. மலை இறக்கத்தில் நைனா ஒரு பிடியை இழுத்தார். வண்டி சீறி உறுமியது.

"இன்னா நைனா, இப்டி சீறுது?"

"எக்ஸாஸ்ட் பிரேக்கு கண்ணு. புகை போற வழிய அடைச்சா இஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும். காலால மிதிச்சிக்கினே இருந்தா பிரேக்கு சூடேறி வுட்டுடும். சத்தம் வந்தா நல்லதுதான்."

பின்னால் இருந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

"பிரேக்கு போச்சு, குதிங்கடி" என்று ஒருத்தி கத்தினாள். அம்மா மட்டும் குதித்துவிட்டாள். தலை கல்லில் மோதி அங்கேயே உயிர் போயிற்று.

"நல்லாத்தானே புடிச்சுது" என்று நைனா செத்துக்கிடந்த அம்மாவிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு அவர் அந்தப் பிடியைத் தொடவில்லை. இறக்கமெல்லாம் காலாலேயே மிதித்துப் பிரேக்கைத் தீய்த்தார். முதலாளி வேலையைவிட்டு நிறுத்தினார்.

பிடி ஸ்டீயரிங்குக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று நினைவில்லை. அதை மெல்ல இழுத்திருந்தால் சத்தம் குறைந்திருக்குமா? வண்டி தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.