சனிக்கிழமைப் பாடை

நான் போன அன்று சந்தனமாரியின் வீட்டு முன்னால் பச்சைத் தென்னை ஓலை கிடந்தது. இரண்டு மூங்கில்கள் சுவரில் சாய்ந்திருந்தன. சாவு வீட்டில்தான் இப்படிக் கிடக்கும்.

"யாருக்குட்டி?"

"ஆத்துக்கு" என்றாள், தலை நிமிராமல். "பையை உள்ள வச்சிட்டு வந்து ஓலையப் பிடி வேணி. ஊரு ஊரா சுத்துனதுல பாடை கட்டக்கூட மறந்துட்டியா?"

மறக்கவில்லை. 1991இல் பாளையங்கோட்டையில் நாங்கள் இருவரும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வளைகுடாவில் போர் நடந்தது. எங்கள் வகுப்பில் பலர் வீட்டிலிருந்து யாராவது குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். நாங்கள் சாலையில் இறங்கிக் கோஷம் போட்டோம். போலீஸ் வந்து, பூனையை விரட்டுவதுபோல் விரட்டிவிட்டது.

"கோஷம் போட்டா விரட்டுவான். எழவு வீட்ட எவனாவது விரட்டுவானா?" என்று கேட்டவள் சந்தனமாரி. அவள் தினமும் டவுன் பஸ்ஸில் சீவலப்பேரியிலிருந்து வருகிறவள். எங்களில் ஒப்பாரி தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். அடுத்த சனிக்கிழமை, வெறும் பாடையை நடுச்சாலையில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். அவள் பாட, நாங்கள் மாரில் அடித்துக்கொண்டோம். பஸ் டிரைவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, "எந்த ஊருப் பிள்ளைம்மா?" என்று கேட்டார்.

பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா ஓடிவந்து எங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதவள் கண்ணைத் துடைத்துப் பார்த்தால் பாடையில் ஆளில்லை. பொய் சொன்னதற்கு அடிக்கப் போகிறாள் என்று பயந்தோம். அவள் கோபம் வேறொன்றுக்கு.

"சனிக்கெழமையும் அதுவுமா பாடை கட்டியிருக்கிய, கோழி எங்கட்டி? சனிப் பொணம் தனியாப் போவாதுன்னு ஒருத்திக்குமா தெரியல? படிக்கப் போன லட்சணம்!"

சனிக்கிழமை போகிற உயிர் துணைக்கு இன்னொன்றைக் கூட்டிப் போகும். அதற்குப் பதிலாகப் பாடையில் ஒரு கோழியைக் கட்டுவார்கள். எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அதன்பிறகு நான் வடக்கே போனேன். குஜராத், ஒரிசா, நேபாளம். எத்தனையோ ஊர்வலங்களில் நடந்தேன். எந்த ஊரிலும் கால் தரிக்கவில்லை. சந்தனமாரி பட்டம் முடிக்கவில்லை. லாரி டிரைவர் பேச்சிராஜைக் கட்டிக்கொண்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தாள்.

அந்தச் சமையலில்தான் பிரச்சினை தொடங்கியது. ஊருக்கே குடிதண்ணீர் ஆற்றோர உறைகிணற்றிலிருந்து. மணல் லாரிகள் அள்ளி அள்ளிக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டன. உலைத் தண்ணீர் கலங்கி வந்தது. மனு கொடுத்துப் பார்த்தார்கள். வருகிற திங்கட்கிழமை கிணற்றை ஒட்டி மணல் அள்ளும் இயந்திரம் இறங்கப் போகிறது என்று குத்தகைக்காரரின் ஆளே கடைத்தெருவில் சொன்னான். இறங்கினால் கிணறு போச்சு. அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டுகிறவன் பேச்சிராஜ்.

"கோர்ட்டுக்குப் போகலாமே. டெல்லியில எனக்குத் தெரிஞ்சவங்க..."

"திங்கக்கெழமைக்குள்ள வந்துருவாகளா? ஓலையப் பின்னு."

"அன்னைக்கு நாம அழுது சண்டை நின்னுச்சா மாரி?"

"சண்டை நிக்கல. பஸ்ஸு நின்னுச்சுல்லா" என்றாள். "குவைத்துல ஓடுத டாங்கிய நம்ம பாத்ததுகூட கிடையாது. இங்கன ஓடுத லாரி, நான் சோறு போட்டு அனுப்புத லாரி."

ஆறு பெண்கள்தான் வந்தார்கள். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிணமில்லாத பாடை ஒரு உயிரைக் கேட்கும், அதுவும் அன்று சனிக்கிழமை என்று பயம். "புருசன் கல்லு மாதிரி இருக்கையில ஒப்பாரி வைக்கா பாரு" என்று சன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. மாமியார் அன்னத்தாய் இரண்டு நாளாக மருமகளோடு பேசவில்லை.

ஆற்றுக்கு இறங்கும் வண்டிப்பாதையில் பாடையை வைத்து உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. சந்தனமாரி குரலெடுத்தாள்.

"மண்ண மடியில் வச்சு மக்களக் காத்தவளே, உன் மடிய அறுத்துப்போக மனுசன் வந்து நிக்கானே..."

எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்தேன், பாதையைப் பார்த்தேன், உட்கார்ந்தேன். பாதையில் தூசி தெரிந்தபோது லாரிக்கு முன்னால் அன்னத்தாய் வந்துகொண்டிருந்தாள். கையில் வால் முறிந்த ஒரு சிவப்புக் கோழி. யாரையும் பார்க்கவில்லை. கோழியைப் பாடைக் காலில் கட்டினாள். முடியை அவிழ்த்துப்போட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தாள்.

முதல் லாரி பேச்சிராஜுடையது. குதித்து இறங்கினான்.

"ஏட்டி, எந்திரி. பின்னால நாலு வண்டி நிக்கி."

சந்தனமாரி பாட்டை நிறுத்தவில்லை.

"உசுரோட முன்னால நிக்கேன். எனக்காட்டி ஒப்பாரி?" ஓலையைப் பிடித்து இழுக்கக் குனிந்தவன் கோழியைப் பார்த்தான்.

"இது நம்ம வீட்டுக் கோழில்லா?"

"ஆமலே" என்றாள் அன்னத்தாய். "ஒனக்குப் பதிலாத்தான் கட்டியிருக்கேன். இனி வண்டிய ஏத்துததுன்னா ஏத்து."

பின்னால் ஹாரன்கள் அலறின. பேச்சிராஜ் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான். பிறகு லாரியில் ஏறி எஞ்சினை அணைத்தான். சாவியைச் சீட்டில் போட்டுவிட்டு வயல் வரப்பில் இறங்கி வீட்டைப் பார்க்க நடந்தான். குத்தகைக்காரரின் ஆள், "இன்னையோட ஒன் சோலி முடிஞ்சுது வே!" என்று கத்தினான். பேச்சிராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. ஒற்றை வண்டிப்பாதையில் மற்ற லாரிகள் முன்னால் நகர வழியில்லை. சாத்தியிருந்த கதவுகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்காரத் தொடங்கினார்கள்.

சாயங்காலம் லாரிகள் ரிவர்ஸிலேயே திரும்பிப் போயின. வேறு டிரைவர் வருவான். திங்கட்கிழமை இயந்திரமும் வரும். சந்தனமாரிக்குத் தொண்டை கட்டிவிட்டது. என்னைப் பார்த்து, நீ கிளம்பு என்பதுபோல் டவுன் பஸ் வருகிற திசையைக் கையால் காட்டினாள்.

அன்னத்தாய் பாடையின் வாடிய ஓலைகளை உருவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. கோழி வேண்டாம்" என்றாள் என்னிடம். "ஆளுதான் வேணும்."

ஊருக்குச் சாலை பிரிகிற விலக்கில் பஸ் ஹாரன் கேட்டது. நான் எழுந்தேன். பை சந்தனமாரி வீட்டில் இருந்தது. பச்சை ஓலையும் அங்கேதான் மிச்சமிருந்தது. ஓலையை எடுத்துவரப் போனேன்.