ஜெலகட்டின் கால் எலும்பு

ஜெலகட்டுக்கு வயது பத்தொன்பது. ஒன்றரை வருஷமாக மாதவிலக்கு வரவில்லை. ஓட்டப் பயிற்சி முகாமில் யாரும் பதறவில்லை, கைகுலுக்கினார்கள்.

"இப்பத்தான் ஓட்டக்காரி உடம்பா ஆகியிருக்கு" என்றார் கோச் செருட்டிச்.

மண்ணாங்கட்டி! உடம்பு கெட்டதற்குக் கைகுலுக்குகிற ஊர் உலகத்திலேயே எங்கள் இட்டேன் மலையூர் ஒன்றுதான் இருக்கும்.

செவ்வாய்தோறும் எடை பார்ப்பார்கள். அரைக் கிலோ ஏறியிருந்தால் அன்று சோளக்களி கிடையாது, கீரை மட்டும். விடிந்தால் வெறும் டீயோடு இருபது கிலோமீட்டர்.

ஞாயிறு வீட்டுக்குப் போனால் அம்மா கொபிலோ, சுரைக்குடுக்கையை நீட்டுவாள். உள்ளே கரி பூசிப் புளிக்கவைத்த முர்சிக் பால்.

"ஒரு வாய் குடியேன்டி. எலும்பும் தோலுமா நிக்கிறியே."

"ஜெயிச்சு வந்து குடிக்கிறேம்மா. ஜெயிச்சவளுக்குத்தானே ஊரே கூடி முர்சிக் ஊட்டும்?"

"பசிச்சவளுக்கும்தான்டி பால்!"

அவள் குடிக்கவில்லை. தேசிய இளையோர் அணியில் இடம் பிடிக்க வேண்டும், வேறு நினைப்பே இல்லை. முழங்காலுக்குக் கீழே வலித்ததைச் சொன்னபோது, "வலிக்காம யாரு ஜெயிச்சா?" என்று கோச் சிரித்தார்.

தேர்வு ஓட்டத்தின் கடைசிச் சுற்று. முன்னால் ஒருத்தியும் இல்லை. வளைவில் திரும்பும்போது கால் எலும்பு சட்டென்று முறிந்தது.

"யாரும் இடிக்கல, தானா உடைஞ்சிருக்கு. அறுபது வயசு எலும்பு மாதிரி இருக்கு" என்றார் டாக்டர். "எலும்பு பலமாகுற வயசு இது. சாப்பாடில்லாம, மாதவிலக்கு நின்னுபோய், ஓட்டம் மட்டும்னா எப்படிப் பலமாகும்?"

"திரும்ப எப்ப ஓடலாம்?"

"முதல்ல நடம்மா."

கோச் ஒரே ஒருமுறை பிஸ்கட்டோடு வந்தார். பாவி மனுஷன், கட்டில் பக்கமே திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற பதினாலு வயதுத் தங்கை ஜெசாங்கின் கால்களையே பார்த்தார். மறுவாரமே அவளை முகாமில் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஆஸ்பத்திரிக்கு வந்த ஜெசாங்கிடம் அம்மா குடுக்கையை நீட்டினாள்.

"வேணாம்மா. ஜெயிச்சு வந்து குடிக்கிறேன்."

ஜெலகட் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "என் காலப் பாத்துக்கிட்டே குடி. முடிக்கிறவரைக்கும் கைய விடமாட்டேன்."

ஜெசாங் முழுவதும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு அப்பால் அவள் விரல் விட்டு வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

ஓடிப்போய் ஓங்கி ஒன்று விட வேண்டும் போலிருந்தது ஜெலகட்டுக்கு. மாவுக்கட்டுக் கால் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.