துளிக்குள் தலைகீழாக ஓர் ஆள்

“கையில பையோட நின்னானே, அந்த ஆளோடதான் உங்க மருமக போயிட்டா. கட்டடத்துக்கே தெரியும் பெரியம்மா” என்றாள் கீழ்வீட்டுத் தையல்காரி, வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே. ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பேசு என்றேன். அந்த ஆளை நீ பார்த்தாயா? இல்லை, காவல்காரர் பார்த்தாராம். காவல்காரரைக் கேட்டால், “பாத்த மாதிரி இருந்துச்சும்மா” என்கிறார். இந்தக் கட்டடத்தில் எல்லாரும் பார்த்த மாதிரிதான் இருக்கிறார்கள், பார்த்தவர் ஒருத்தர் இல்லை. நான் பார்த்தேன். அவன் யார் என்றும் எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

என் இரண்டாவது மகனுக்கு வாய்த்தவள் அவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடி வில்லையின் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சட்டத்துக்குள் உட்கார வைக்கிற வேலை. மயிரிழை அதிகமாகத் தேய்ந்தாலும் வில்லை ஆடும், வீண். அந்த வேலை செய்கிறவளுக்கு வாய் அதிகம் இருக்காது. இருந்தால் வில்லை உடையும்.

ஒருநாள் கடையில் கீறல் விழுந்து ஒதுக்கிய பூதக்கண்ணாடி வில்லை ஒன்றைக் கொண்டுவந்தாள். துணி மாட்டுகிற கிளிப்பில் அதைப் பொருத்தி, கைபேசியின் கேமரா முன்னால் கவ்வவிட்டாள். மழை விட்டதும் கீழே இறங்கிப் போய்த் தொட்டிச் செடிகள் முன்னால் மண்டியிட்டாள். திரும்பி வந்து, “அத்தை, இதப் பாருங்க” என்று காட்டினாள். சேம்பு இலையின் நுனியில் ஒரு சொட்டு, முழுப் பளிங்குக் குண்டு மாதிரி. அதற்குள் எங்கள் கட்டடம், மாடிப்படி, வானம் எல்லாம் இருந்தது. “ஏம்மா, வீடு கவிழ்ந்து கிடக்கே?” என்றேன். “துளிக்குள்ள எல்லாம் தலைகீழாத்தான் விழும் அத்தை. அதுவும் ஒரு வில்லைதானே” என்றாள். அன்று அவள் முகத்தில் இருந்த சிரிப்பைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

அதிலிருந்து ஒரு மழையை விட மாட்டாள். மழை நின்று வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். வில்லைக்கும் துளிக்கும் நான்கு விரல் தூரம்தான், ஒரு நெல் அளவு தள்ளினாலும் படம் கலங்கிப் போகும். அதனால் கையை நகர்த்த மாட்டாள், உடம்போடு சேர்ந்து முன்னும் பின்னும் மெல்ல அசைவாள். மூச்சையும் அடக்கிக்கொள்வாள். மூச்சுப் பட்டால் இலை ஆடுமாம்.

இது போதாதா நம் ஆட்களுக்கு? தையல்காரி மூன்று தடவை கூப்பிட்டாளாம், இவள் திரும்பவே இல்லையாம். “என்ன திமிரு பெரியம்மா, காது கேக்காத மாதிரி இருக்கா.” மூச்சடக்கி இருப்பவள் எப்படியடி பதில் சொல்வாள்? காவல்காரருக்கு வேறு சந்தேகம். “முன்னாடியும் பின்னாடியும் ஆடுறாங்கம்மா. யாருக்கோ சைகை காட்டுற மாதிரி இருக்கு.” செடிக்கு மந்திரம் போடுகிறாள் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. அதைக் கிளப்பியவளின் தொட்டியில் மட்டும் ரோஜா நன்றாகவே பூத்தது.

இப்போது என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். தூறல் முழுக்க விடுவதற்குள்ளேயே இறங்கிவிடுவாள்; நனைந்து நனைந்து அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மகனிடம் சொன்னேன்: “டேய், மழையில போயி நிக்கிறா. அவள கொஞ்சம் கவனிடா.” ஒரு குடை பிடி, ஒரு துண்டு கொடு என்பதுதான் என் மனதில். அவன் தலையை ஆட்டினான். அவன் காதில் அது எப்படி விழுந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஒரு கம்பி தளர்ந்தால் ஆள் செத்துவிடுவான் என்று நாள் முழுக்க நினைக்கிற தொழில். வீட்டுக்கு வந்தாலும் அப்படியே இருந்தான். இரண்டு மாதமாக அவளோடு சரியாகப் பேச்சில்லை. “கைபேசிய எதுக்குக் கவுத்து வைக்கிற?” என்பான். “வில்லை கீறிடும்” என்பாள். நம்ப மாட்டான்.

ஒரு காலை, அவள் குளிக்கும்போது கைபேசியை எடுத்துப் பார்த்திருக்கிறான். துளிக்குள் ஓர் ஆள். அந்தப் படத்தைத் தன் கைபேசிக்கு அனுப்பி, காவல்காரரிடம் காட்டி, “இந்த ஆள கேட் பக்கம் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டிருக்கிறான். அவர் பாவம், கேட்டவருக்கு ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். “பாத்த மாதிரி இருக்கு சார்.” சாயங்காலத்துக்குள் தையல் மிஷின் வரைக்கும் சேதி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. நான் மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் எனக்கு எதிரே நின்று கைபேசியை மேசைமேல் வைத்தான்.

“யாரு இவன்?”

அவள் எட்டிப் பார்த்தாள். “நீங்களே பாருங்க.”

“பாத்துட்டுதான் கேக்கறேன். கேட் கம்பிக்குப் பின்னாடி நிக்கிறான், கையில பை. யாருன்னு சொல்லு.”

“தலைகீழா இருக்குங்க. சரியாப் பாருங்க.”

அவன் கைபேசியை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினான். படமும் கூடவே புரண்டு நிமிர்ந்தது. இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். எப்படித் திருப்பினாலும் அந்த ஆள் கவிழ்ந்தேதான் நின்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கோபத்தில் கைபேசியை மேசையில் போட்டான். அது மல்லாந்து கிடந்தது, படம் இந்தத் தடவை புரளாமல் அப்படியே நின்றது. நான் இருந்ததோ எதிர்ப்பக்கம். எனக்கு எல்லாம் நேராகத் தெரிந்தது.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நான் பெற்ற பிள்ளை நிற்கிற நிலை தெரியாதா? ஐந்து வயதிலிருந்து எதையாவது உற்றுப் பார்த்தால் வலது கையை மடக்கி உச்சந்தலையில் வைத்துக்கொள்வான், முழங்கை ஜாடிக் கைப்பிடி மாதிரி துருத்தி நிற்கும். அவன் பை என்றானே, அது அந்த முழங்கை. கேட் என்றானே, அது முதல் மாடியில் படிக்கட்டு ஜன்னல்.

“டேய், இது நீதாண்டா!” என்று சிரித்தேன். நான் ஒருத்திதான் சிரித்தேன்.

வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பி, ஜன்னல் ஓரத்தில் நின்று பெண்டாட்டியை வேவு பார்த்திருக்கிறான். அவள் ஒரு விரலால் படங்களைத் தள்ளினாள். “இது போன வாரம். இது அதுக்கு முந்தின மழை. இது இருமல் முத்தின அன்னைக்கு.” பதினோரு மழை. பதினோரு மழையிலும் கடுகளவு என் மகன், கையைத் தலையில் வைத்துக்கொண்டு.

“உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“முதல் நாளே தெரியும் அத்தை. என்னைக்காவது இறங்கி வந்து என்ன பண்றேன்னு கேப்பார்னு பாத்தேன்.”

அவன் என்னைக் கை காட்டினான். “அம்மாதான் கவனிக்கச் சொன்னாங்க!”

அந்த வார்த்தைக்கு இரண்டு முகம் இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் குடையைச் சொன்னேன், அவன் ஜன்னலை எடுத்துக்கொண்டான். தையல்காரியின் பேச்சு என் காதிலும் விழுந்துகொண்டிருந்ததுதானே, அதில் ஒரு பொட்டு என் வார்த்தையிலும் ஒட்டியிருந்ததோ என்னவோ. இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“சரி, தப்புதான். இனிமே நிக்க மாட்டேன்” என்றான். அவள் பீன்ஸ் நறுக்க எனக்குக் கை கொடுத்தாள்.

மூன்றாம் நாள் விடியலில் மழை. அவள் இறங்கிப் போனாள். குப்பை வைக்கக் கதவைத் திறந்த நான் படிக்கட்டை எட்டிப் பார்த்தேன். ஜன்னலில் அவன். வலது கை உச்சந்தலையில். என்னைக் கண்டதும் கையை இறக்கி, “சும்மா நின்னேம்மா” என்றான்.

கீழே அவள் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் எடுத்த துளிப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். பிறகு வில்லையைக் கழற்றித் துடைத்துத் துணியில் சுற்றினாள்.

மேலே வந்து நான்கு சேலை மடித்தாள். “எங்கம்மா போற?” என்றேன்.

“கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு அத்தை. முதலாளியம்மா தரேன்னாங்க.”

“நான் அவன கவனின்னது அந்த அர்த்தத்துல இல்லம்மா.”

“தெரியும் அத்தை. மாத்திரைய மறக்காதீங்க” என்றாள். அவன் கதவருகே நின்று, “நில்லு, பேசலாம்” என்றான். “கேக்கறதுன்னா கீழயே வந்து கேட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு அவனைத் தாண்டிப் போனாள்.

ஒளிந்து போகவில்லை. ஒன்பதரை மணிக்கு, தையல்காரி வாசலில் நிற்க, முன்வாசல் வழியாகப் போனாள். காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் தலையை நீட்டித் தேடினார். ஒருத்தனும் இல்லை. தூறல் விழுந்தது. அவள் குடையை விரித்தாள். கடையில் இனாமாகக் கொடுத்த சின்னக் குடை, ஓர் ஆளுக்கே தோள் நனையும்.