யானைத் துரையின் அடுக்கு அல்வா

அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய செப்புத் தட்டில், ஆற வைத்த சர்க்கரைப் பாகை ஊற்றும்போது எழுகிற 'ஸ்ஸ்' என்ற ஓசையைக் கேட்டால், தூரத்தில் எங்கோ தகரக் கூரைமேல் மழை இறங்குகிறது என்றே தோன்றும். ரங்கூனில், லான்மடாவ் பகுதியில், மரப்படி ஏறிப் போகிற மேல்வீட்டில் பாயில் கிடந்தபடி, கண்ணைத் திறக்காமலே, கீழே கடையில் அன்றைக்கு என்ன பலகாரம் என்பதை அந்த ஓசையையும் அதன் பின்னாலேயே படியேறி வரும் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் வாசனையையும் கொண்டு நான் சொல்லிவிடுவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் அது. எனக்குப் பத்து வயது இருக்கும்.

கடைக்காரர் கிரேக்க நாட்டிலிருந்து வந்தவர். அவருடைய பெயர் யானிஸ். எங்கள் தெருவின் வாயில் அது எப்படியோ 'யானை' ஆகிவிட்டதால், ஈர்க்குச்சி போல ஒல்லியாக இருந்த அந்த மனிதரை எல்லோரும் 'யானைத் தொரை' என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த பிறகுகூடக் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் மனைவி எலேனி எங்களுக்கு 'எலனியம்மா'. அப்பா மாணிக்கம் அந்தக் கடையில் அடுப்பு வேலைக்குச் சேர்ந்து, பிறகு மாவு இழுக்கவும் பழகிக்கொண்டவர். பெரிய மேஜையின் இரண்டு பக்கமும் துரையும் அப்பாவும் நின்று, புறங்கைகளால் மாவைத் தூக்கித் தூக்கி இழுத்தால், அடியில் இருக்கும் பலகையின் வரிகள் தெரிகிற அளவுக்கு அது மெலிந்துவிடும். அம்மா அதை 'வேட்டி மாவு' என்பாள். அந்த மாவை நெய் தடவி ஒன்றின்மேல் ஒன்றாகப் பரப்பி, இடையிடையே பொடித்த பருப்புகளைத் தூவிச் சுட்டுப் பாகில் ஊறப்போட்டதுதான் 'அடுக்கு அல்வா'. சர்க்கரைத் தூளில் புரட்டிய வெள்ளை வெளேரென்ற பிஸ்கோத்துக்கு நாங்கள் வைத்த பெயர் 'சுண்ணாம்பு பிஸ்கோத்து'. எண்ணெயில் பொரித்துத் தேன் ஊற்றியது 'தேன் பணியாரம்'. அவர்கள் பாஷையில் அவற்றுக்கெல்லாம் வேறு பெயர்கள் இருந்தன. அவை எங்கள் நாக்கில் நிற்கவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில், நாங்கள் 'சிரியம்' என்று சொன்ன தன்லியினில், எண்ணெய் ஆலை அதிகாரி ஒருவர் வீட்டில் கல்யாணம். அதற்கு அடுக்கு அல்வா கேட்டிருந்தார்கள். பெரிய தகர டப்பாவில் அதை அடுக்கி, மழைத் தண்ணீர் புகாமலிருக்க மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, துரையும் அப்பாவும் புறப்பட்டபோது பிற்பகல் வானம் ஈயம்போல் இருந்தது. ஆட்களை ஏற்றிப் போகும் நீராவி லாஞ்சு அன்றைக்கு ஓடவில்லை. துடுப்புப் போடுகிற சிறு படகான சம்பான்தான் பிடிக்க வேண்டும்.

"ஆறு சரியில்ல. நாளைக்குப் போனா என்னவாம்?" என்றாள் அம்மா.

"கல்யாணம் நாளைக்கு வரைக்கும் காத்திருக்குமா?" என்று சொல்லிவிட்டு அப்பா டப்பாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

அன்று மாலை காற்று கிளம்பியது. எங்கள் ஜன்னல் கதவு ஒன்று பெயர்ந்து தெருவில் விழுந்தது. இருட்டிய பிறகும் இருவரும் வரவில்லை. அக்கரையிலேயே தங்கியிருப்பார்கள் என்று அம்மாவும் எலனியம்மாவும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சொல்லும்போது இருவருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலை யானைத் துரை மட்டும் வந்தார். சட்டை கிழிந்து, ஒரு காலில் செருப்பில்லாமல், தெருமுனையிலிருந்து தள்ளாடி நடந்து வந்தார். அவர் இரு கைகளாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தது அந்தத் தகர டப்பா. அவருக்குப் பின்னால் அப்பா வருவார் என்று நான் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை.

செய்தி துறைமுகத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும்? அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, அங்கேதான் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்த ஆட்களோடு அவர் வந்து கடை முன்னால் நின்றபோது, மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கிகள் இன்னும் அவர்கள் தோளிலேயே தொங்கின. துரை உள்ளே ஒரு மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். டப்பா காலடியில் இருந்தது.

"அல்வாவக் காப்பாத்திக் கொண்டாந்துட்ட. எங்கண்ணன எங்க விட்ட?" என்றார் சித்தப்பா. சத்தம் போடவில்லை. அதனாலேயே எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

துரைக்குத் தெரிந்த தமிழ் கடைத் தமிழ். 'மைதா, நெய், விறகு போதும்' என்பதற்கு மேல் அது போகாது. "படகு கவுந்தது. எனக்கு நீச்சல் இல்லை. மாணிக்கம் டப்பா கொடுத்தான். பிடி, சொன்னான். தண்ணி அவனைக் கொண்டுபோச்சு," என்றார். "என்னை எண்ணெய் ஆலை லாஞ்சு தூக்கினது."

"நீச்சல் தெரியாதவன் வந்துட்டான், தெரிஞ்சவன் போயிட்டானா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். சித்தப்பா கடைக்குள் ஒரு காலை வைத்தார். எலனியம்மா கணவரை மறைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண் டோ மியா தன் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியது எனக்குக் கேட்டது.

அப்போது அம்மா படியிறங்கி வந்தாள். ஆண்களுக்கு நடுவே நுழைந்து, சித்தப்பாவைத் தாண்டிப் போய், துரைக்கு எதிரில் நின்றாள்; நானும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

"டப்பாவக் குடுத்தப்ப அவுக வேற என்ன சொன்னாக?"

துரை கண்ணை மூடி நினைவுபடுத்திப் பார்த்தார். பிறகு, அர்த்தம் தெரியாத மந்திரத்தைத் திருப்பிச் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, "கால ஆட்டு தொரை, கால ஆட்டு, மூஞ்சிய மேல வையி," என்றார்.

அம்மாவின் கை என் தோளை இறுகப் பிடித்தது. போன கோடையில் ஏரியில் எனக்கு நீச்சல் பழக்கியபோது அப்பா வாய் ஓயாமல் சொன்ன வார்த்தைகள் அவை. 'மூஞ்சிய மேல வையி' என்பதை அவர் இழுத்துச் சொல்கிற ராகத்தோடே துரை சொன்னார். அம்மா திரும்பினாள்.

"தம்பி, வெளிய வாங்க. இந்த மனுசன் பொய் சொல்லல. அவுகதான் புடிச்சு மிதக்கச் சொல்லி டப்பாவக் குடுத்திருக்காக."

"மதினி, உங்களுக்கு வெவரம் தெரியாது."

"எனக்கு அவுகளத் தெரியும். போயி ஆத்துல தேடுங்க. இங்க நிக்காதீங்க."

போனார்கள். அன்று முழுவதும் தேடினார்கள். கவிழ்ந்த சம்பான் கிடைத்தது. அதை ஓட்டியவன் அக்கரையில் கரையேறியிருந்தான். அப்பா மட்டும் கிடைக்கவில்லை. மறுநாள் தெருப் பெண்கள் மேலே வந்து அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து மூக்கைச் சிந்தத் தொடங்கினார்கள். ஒருத்தி அம்மாவின் நெற்றிப் பொட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். அம்மா எழுந்து உலையில் அரிசி போட்டாள், அப்பாவுக்கும் சேர்த்து. "பசிச்சவங்க சாப்பிடலாம். அழுகிறவங்க வீட்டுக்குப் போகலாம்," என்றாள்.

சித்தப்பாவும் சோர்ந்துபோய் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில்தான் எலனியம்மா ஒரு தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். துணியை விலக்கியதும் பட்டை வாசனை வந்தது. எல்லோரும் அந்தத் தட்டையே பார்த்தார்கள். ஏனென்றால், முந்தின வருடம் தன் தாயாரின் நினைவு நாளுக்கு அவள் கோதுமையை வேகவைத்துச் சர்க்கரையும் திராட்சையும் கலந்து எங்களுக்குக் கொடுத்திருந்தாள். இறந்தவர்களுக்காக அவர்கள் ஊரில் இனிப்புப் பங்கிடுவார்கள் என்பது தெருவுக்கே தெரியும்.

"எழவு இனிப்பா?" என்று சித்தப்பா எழுந்தார். "எங்கண்ணனுக்கு நீங்களே தேதி குறிச்சிட்டீங்களா?"

எலனியம்மா தட்டைக் கீழே வைக்கவில்லை. "இல்லை, தம்பி. செத்தவங்களுக்கு இல்லை. காணாதவங்களுக்கு," என்றாள். "எங்க ஊர்ல ஒரு சாமி. தொலைஞ்சது காட்டும். முட்டை இல்லை, பால் இல்லை, எண்ணெய் மட்டும். பக்கத்து வீடு எல்லாம் சாப்பிடணும். சாப்பிட்டா சாமி தேடும்." அவள் அம்மாவைப் பார்த்தாள். "தங்கச்சி, நீ சாப்பிடலைன்னா நான் யாருக்குக் கொடுப்பேன்?"

அது பார்வைக்கு எளிய கேக்கு. பாகோ தேனோ மேலே இல்லை. அம்மா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள். இரண்டு நாளில் அவள் தின்ற முதல் உணவு அதுதான். எனக்கு ஒன்று கொடுத்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பெண்களும் ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள். டோ மியா தன் பிள்ளைகளுக்கும் வாங்கிப் போனாள். சித்தப்பாவிடம் அம்மா நீட்டிய துண்டை அவர் வாங்கவில்லை, படியிறங்கிப் போய்விட்டார்.

அப்பா வந்தது அதற்கு அடுத்த நாள் பிற்பகல். இரண்டு பர்மியர்கள் மூங்கிலில் போர்வையைத் தொட்டில்போலக் கட்டி அவரைத் தூக்கி வந்தார்கள். கடல் வற்றும் நேரத்து ஆற்றோட்டம் அவரைக் கடல் பக்கமாக இழுத்துப்போயிருக்கிறது. கவிழ்ந்தபோது சம்பானின் விளிம்பு அடித்துக் கால் எலும்பு முறிந்துவிட்டது. வலை கட்ட ஊன்றிய கழிகளைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரை, பானை விற்றுவிட்டு கடல் ஏறும் நேரத்து நீரோட்டத்தில் பானை வனைகிற ஊரான த்வாண்டேக்குத் திரும்பிக்கொண்டிருந்த படகுக்காரர்கள் விடியும் நேரத்தில் பார்த்துத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்ததால், எந்தத் தெரு, எந்த வீடு என்று ஜுரம் தணிகிறவரை அவரால் சொல்ல முடியவில்லை. கேக்குதான் அவரைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன். எலனியம்மா சொன்னாள்; அம்மா மறுக்கவில்லை.

அம்மா அவரைப் பார்த்து முதலில் கேட்டது, "சாப்பிட்டீகளா?" என்றுதான். அதற்குப் பிறகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். துரை ஓடிவந்து மண்டியிட்டு அப்பாவின் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார்.

"டப்பா போயிச் சேந்துச்சா, தொரை?" என்று கேட்டார் அப்பா.

துரை தலையை ஆட்டி, "இல்லை, மாணிக்கம். இங்கேயே இருக்கு," என்றார். மெழுகை உடைத்தபோது உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்திருக்கவில்லை. முதல் துண்டுகள் பானைப் படகுக்காரர்களுக்குப் போயின. சித்தப்பா அண்ணனின் காலருகே உட்கார்ந்திருந்தார். துரையின் பக்கம் அவர் திரும்பவில்லை. மன்னிப்பு என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலையில் கீழே விறகு பிளக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். துறைமுக வேலைக்குப் போகுமுன் சித்தப்பா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் கால் கூடுகிறவரை, மழைக்காலம் முடிந்தும், தினமும் வந்தார். மூட்டையை இறக்கி வைப்பார், சாம்பலை வாருவார், மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்று துரையோடு மாவும் இழுப்பார். முதலில் அடிக்கடி கிழிந்தது. துரை கிழிந்ததைச் சுருட்டிவிட்டு வேறு மாவை எடுத்து வைப்பார்.

சில வருடங்களில் கிரேக்கர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். எந்த ஊருக்கு என்று அப்பா சொன்னார், நான் மறந்துவிட்டேன். யுத்தத்தில் அந்த மரவீடு எரிந்தது. இப்போது அங்கே சிமெண்டுக் கட்டடம் நிற்கிறது. கீழே சைக்கிள் சாமான் விற்கிறார்கள். நான் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். இந்த ஊரில் கிரேக்கர்கள் இருந்தார்கள் என்றால் என் பேத்தி நம்புவதில்லை. இந்தக் கதையை அவளுக்குப் பர்மிய மொழியில்தான் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு, "சித்தப்பாவும் அந்தத் துரையும் கடைசியில் என்ன பேசிக்கொண்டார்கள்?" என்றாள். எனக்குத் தெரிந்து, அவர்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு பக்கம் நின்று, கிழியாமல் இழுக்கப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.